ஏட்டில் ஒரு கை

ஏழாம் தட்டின் ஏட்டில் ஒரு கை பதிந்திருந்தது.

பதினொரு நாளாக யாரும் தொடக் கூடாத ஏடு. சர்க்கரைத் தேநீரில், பழைய ஏட்டிலிருந்து வெட்டிய தாய்த்துண்டு ஒன்றை மிதக்கவிட்டால் தேநீர் புளித்து, பாலாடைபோல மேலே ஏடு கட்டும். தடித்ததும் உரித்துக் காயவைத்தால் தோல்போல ஆகிவிடும். மாட்டைத் தொந்தரவு செய்யாமலே பை தைக்கலாம் என்று பேசிப் பேசித்தான் பை கம்பெனிக்காரரை அவன் மடக்கி வைத்திருந்தான். மாலை ஐந்துக்கு அவர் வருகிறார். பன்னிரண்டு ஏடும் மாசுமறுவில்லாமல் இருக்க வேண்டும். ஒன்று கெட்டாலும் வேறு இடம் பார்த்துக்கொள்வாராம்.

கூடவே வேலை செய்கிற மனைவியின் தம்பி, அந்த மச்சானின் வேலைதான். போட்டிக்காரன் எவனோ வளைத்துப் போட்டிருக்கிறான். ஆள் முகத்தைப் பார்த்தே சரக்கின் தரம் சொல்கிற தன் கண் தப்பாது. நேற்று மூன்றாம் தட்டில் ஒரு விரல் தடம்; நீவியதும் மறைந்தது. அதனால்தான் காலையிலேயே பூட்டை மாற்றினான். ஒரே சாவி, சட்டைப்பையில்.

"கையை நீட்டு மச்சான்."

"தினமும் கண்ணாலயே சோதனை போடறீங்க மாமா. இப்ப கையுமா?"

ஏட்டுக்கு மேலே பிடித்துப் பார்த்தால், மச்சானின் விரல்கள் தடத்தைவிட ஒரு கணு நீளம்.

"பாத்தீங்களா. கையுறை போடாம தாய்த்துண்டை வெட்டறது இங்க நீங்க ஒருத்தர்தான். கேட்டா, தொட்டாத்தான் தரம் தெரியும்பீங்க. உங்களுக்கும் புளிப்பேறிடுச்சுன்னு அக்காகிட்ட சொல்றேன்."

"வெளிய நில்லு. அவர் வந்தா கதவைத் தட்டு."

கதவை உள்ளிருந்து பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். காடி வாடை மூக்கைக் கரித்தது; மூடியிருந்த ஜன்னலில் மத்தியான வெயில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்க, பன்னிரண்டு தட்டுகளின் மேல் கட்டிய வெள்ளைத் துணிகளுக்கு அடியில் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைகிற சத்தம், யாரோ சப்புக்கொட்டுவதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது. தடத்தை நீவிச் சமன் செய்துவிடலாம் என்று குனிந்தான்.

பள்ளம் இல்லை. மேடு.

மேலிருந்து அழுத்திய கை அல்ல. கீழிருந்து. தட்டின் ஆழமோ நான்கு விரற்கடை.

கட்டைவிரல் கோணல். சின்ன வயதில் ஷட்டரில் நசுங்கிய தன் விரலைப்போலவே.

தொட்டால்தான் தெரியும். உள்ளங்கையை அதன்மேல் வைத்தான்.

அச்சாகப் பொருந்தியது. சூடாக இருந்தது. விரல்கள் ஏட்டைக் கிழித்து எழுந்து, அவன் விரல்களோடு கோத்துக்கொண்டன.

இழுத்தான். விடவில்லை.

கதவு தட்டப்பட்டது. "மாமா, அவர் சீக்கிரமே வந்துட்டார். திறங்க."

கத்த வாயைத் திறந்தான். நாக்கின்மேல் வழுவழுவென்று ஏடு கட்டியிருந்தது.

"மாமா? இன்னும் கோவமா?"

எட்டாம் தட்டின் துணி விலகியது. கட்டைவிரல் கோணிய ஈரக் கை ஒன்று நிதானமாக நீண்டு, அவன் சட்டைப்பைக்குள் துழாவி, சாவியை எடுத்துக்கொண்டு தேநீருக்குள் இறங்கியது.