சஹோந்திரா மன்னிப்பு கேட்கவில்லை

"இறங்குங்க சார். இது நான் கூப்பிட்ட வண்டி."

"நான்தானே முதல்ல ஏறினேன்?"

"நான்தானே முதல்ல கை தட்டினேன்?"

தோவமசினா நகரின் துறைமுகத் தெருவில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. லிச்சிப் பழக் கூடைகளைச் சாக்கால் மூடிவிட்டு, வியாபாரிப் பெண்கள் இந்தச் சண்டையை ரசித்தார்கள். சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் தலையிலிருந்த பிளாஸ்டிக் பையை விலக்கிப் பார்த்தான்.

"ஏம்மா, ஏறித் தொலையேன். வண்டிக்குள்ள இருக்கறவரு சண்டை போடலாம்... நான் நனைஞ்சுக்கிட்டே கேக்கணுமா?"

சஹோந்திரா மார்போடு அணைத்திருந்த மூட்டையைப் பார்த்தாள். தையல்காரியிடம் வாங்கி வந்த புது கவுன்கள். ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. வேறு வழியில்லாமல் ஏறினாள். மூட்டையை நடுவில் வைத்தாள், எல்லைச் சுவர் மாதிரி.

"எங்கே போகணும்?" அவன் பிரெஞ்சில் வேற்றூர் வாடை அடித்தது.

"மிஷன் ஆஸ்பத்திரி."

"அட, நானும்! மயக்க ஊசி போடற நர்ஸ். பேரு எடெம். டோகோவிலேர்ந்து வந்திருக்கேன். லீவு போட்டுட்டு, சம்பளம் இல்லாம, ஊழியமா."

"சம்பளத்தையே விட்டுக் கொடுத்தவரு ஒரு ரிக்‌ஷாவை விட்டுக் கொடுக்க மாட்டீங்களா?"

அவன் சிரித்தான். சிரிப்பு முதலில் கண்ணுக்குத்தான் வந்தது. உதட்டுக்கு அப்புறமாக, மெதுவாக வந்து சேர்ந்தது... சஹோந்திரா சட்டென்று மழையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் அந்தக் கண்களைப் பார்த்தாக வேண்டியிருந்தது. முகமூடிக்கு மேலே தெரிவது அவை மட்டும்தானே!

அந்த ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்கள் எல்லாருக்கும் ஒரே கதை. பிரசவம் நாள்கணக்கில் இழுத்து, குழந்தையும் இறந்து, உள்ளே விழுந்த கிழிசல் வழியாகச் சிறுநீர் நில்லாமல் கசியும். நாற்றம் என்று வீட்டார் ஒதுக்குவார்கள். கட்டினவன் போய்விடுவான். வெளிநாட்டு டாக்டர்கள் வந்து அந்தக் கிழிசலைத் தைத்துக் கொடுத்தார்கள். ஊழியர்கள் பேசுவதை உள்ளூர் மொழியான மலகாசியிலும், பெண்கள் பேசுவதை பிரெஞ்சிலும் சொல்வது சஹோந்திராவின் வேலை.

ஆபரேஷன் மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தோள்களை அவள் முன்னாலிருந்து தாங்கிக்கொள்வாள். எடெம் பின்னால் நின்று சின்னதாக ஒரு ஜெபம் சொல்லி, முதுகில் ஊசி போடுவான். குனிந்த முதுகுக்கு இந்தப் பக்கம் இரண்டு கண்கள், அந்தப் பக்கம் இரண்டு கண்கள்...

"வலிக்காதுன்னு சொல்லுங்க."

"வலிக்கும்னுதான் சொன்னேன். கொஞ்ச நேரம்தான்னும் சொன்னேன்."

"என் பேச்சை மாத்திச் சொல்றீங்களா?"

"திருத்திச் சொல்றேன்."

அவன் கண் சிரித்தது. அவளுக்கு உள்ளே என்னவோ நழுவியது. 'போச்சு,' என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாம் கேன்டீனில் உடைந்தது. ரசோவா என்ற பெண்ணுக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்து, படுக்கை காய்ந்தே இருந்தது. ஆனால் விழாவுக்கு வரமாட்டேன் என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். குணமானவர்கள் புது கவுன் அணிந்து, பாடிக்கொண்டே கூடத்துக்குள் வந்து, எல்லார் முன்பும் பேசுகிற விழா அது. எடெம் சோற்றைப் பிசைந்தபடி பெருமூச்சு விட்டான்.

"பாவம். உடம்பு சரியாகி என்ன? இவங்களை இனிமே யாரு கட்டிப்பாங்க?"

சஹோந்திரா தட்டோடு எழுந்தாள்.

"என்னாச்சு?"

"பசி போயிடுச்சு."

அவனுக்கு எப்படித் தெரியும்? இதே ஆஸ்பத்திரியின் ஜன்னலோரக் கட்டிலில் அவளும் ஒரு காலத்தில் படுத்திருந்தவள் என்று யார் சொன்னார்கள்? சொன்னால் அந்தக் கண்கள் மாறும். அவற்றில் 'பாவம்' வந்து உட்காரும்... அதைப் பார்ப்பதைவிட அவனை இழப்பது மேல்!

விழா நாளும் வந்தது. கூடத்தில் பாட்டும் கைதட்டலுமாக அமளி. ஒவ்வொரு பெண்ணாக எழுந்து, அந்த ஊர் வழக்கப்படி, பேசத் துணிந்ததற்காகப் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினாள். சஹோந்திரா எல்லாவற்றையும் ஊழியர்களுக்கு பிரெஞ்சில் சொன்னாள்.

வரமாட்டேன் என்றிருந்த ரசோவாவும் வந்திருந்தாள், ஆனால் வாசலோடு நின்றுவிட்டாள். புது கவுன் போட்டிருந்தும் கைகள் முன்னால் மறைத்துக்கொண்டிருந்தன.

"வாங்கக்கா," என்றாள் சஹோந்திரா.

"உனக்கென்னடி, கஞ்சி போட்ட சட்டை! நாத்தம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

சஹோந்திரா நிமிர்ந்தாள். மேடைக்கு நடந்தாள்.

"நான் மன்னிப்பு கேட்டுட்டு ஆரம்பிக்கப் போறதில்லை," என்றாள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். "பாய் நனைஞ்சதுக்குக் கேட்டேன். பஸ்ஸுல ஏறினதுக்குக் கேட்டேன். கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காந்ததுக்கும் கேட்டேன். வருஷக்கணக்கா கேட்டாச்சு, போதும். ரசோவாக்கா, அந்த ஜன்னலோரக் கட்டில் என்னோடது. இதே வாசல்ல நானும் நின்னேன். அப்புறம் உள்ளே வந்தேன். எங்கப்பா கை தட்டினாரு."

சொல்லி முடித்தபோதுதான் உறைத்தது... இனி பிரெஞ்சில் சொல்ல வேண்டும். அவள்தானே சொல்ல வேண்டும்? விட்டுவிடலாம். 'வாழ்த்துச் சொன்னேன்' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

பின்வரிசையில் எடெம் காத்திருந்தான்.

அவள் அவனையே பார்த்துச் சொன்னாள். நாத்தம், பாய், பஸ், கட்டில்... ஒரு சொல்கூடக் குறைக்கவில்லை. ரசோவா கைகளை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்து வர, கூடமே எழுந்து நின்றது. அந்தப் பெருமையில் சஹோந்திராவுக்கு அவன் முகத்தைப் பார்க்கக்கூட மறந்துபோயிற்று.

விழா கலைந்ததும் வராந்தாவில் அவன் வந்து நின்றான். வெளியே மறுபடி மழை.

"மன்னிக்கணும்," என்றான், உடைந்த மலகாசியில்.

வந்துவிட்டது... அவள் முகத்தைத் திருப்பினாள். "பரவாயில்லை சார். பாவம்னு மட்டும் சொல்லிடாதீங்க. வேற எதுன்னாலும் தாங்குவேன்."

"முழுசா கேளுங்க. மறந்துடும்! பெரியவங்க இருக்கற இடத்துல பேசறேன், மன்னிக்கணும். இந்த மண்ணுல பிறக்காதவன் பேசறேன், மன்னிக்கணும். உங்க வீட்டு வாசல் மிதிக்கிறேன், மன்னிக்கணும்..."

சஹோந்திரா மெல்லத் திரும்பினாள். இது பெண் கேட்க வருகிறவர்கள் சொல்வதல்லவா?

"இதை... யாரு சொல்லிக் கொடுத்தா?"

"பாஸ்டர். ஒரு வாரமா மனப்பாடம் பண்றேன். ஆனா இன்னைக்கு அதுல ஒரு மன்னிப்பு கூடிப் போச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "கேன்டீன்ல சொன்னதுக்கு. யாரு கட்டிப்பாங்கன்னு கேட்டேன். நீங்க யாரைக் கட்டிப்பீங்கன்னுல்ல கேட்டிருக்கணும்?"

அந்தக் கண்களில் அவள் தேடிப் பார்த்தாள். பாவம் இல்லை. கொஞ்சம் பயம்கூட இருந்தது. பெரிய ஒன்றின் முன்னால் நிற்பவனுடைய பயம்.

"எங்கப்பா முன்னாடி இதைத் திக்காம சொல்லணும். திக்கினா எங்க வழக்கப்படி அபராதம் போடுவாங்க, தெரியுமில்ல?"

"கட்டிடறேன்... நீங்க? நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

மழைச் சாரல் அவள் முகத்தில் அடித்தது. அவள் துடைக்கவில்லை. தலையும் குனியவில்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளா," என்றாள் சஹோந்திரா. "இதுக்கும் நான் யார்கிட்டயும் மன்னிப்பு கேக்க மாட்டேன்."