பொய்யாய் எரிந்த பச்சை

தொழில் தேறுமா என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் வருங்காணிக் கருவியில் மறுபடியும் சிவப்பு எரிந்தது. சிலேஷே போட நினைத்த மாம்பழ வற்றல் ஆலை, கருவிக்குள் இருந்த போலி லுசாகா நகரத்தில் பத்தாண்டுகளை ஒரே மணி நேரத்தில் வாழ்ந்து பார்த்து நொடித்துப்போயிருந்தது.

பட்டதாரிகள் யாரும் இந்தக் கருவியைக் கேட்காமல் தொழில் தொடங்குவதில்லை. கடை வைத்து நடுத்தெருவுக்கு வந்த நண்பர்களைப் பார்த்து நொந்துதான் முட்டின்டா அதை உருவாக்கினாள். இப்போது யாரும் தோற்பதில்லை. ஆனால் சில மாதங்களாகப் பச்சையும் எரியவில்லை.

"ஏன்?" என்று கருவியைக் கேட்டாள்.

"வாங்க ஆளில்லை. மறுக்கப்பட்டவர்கள் வேலையின்றி இருக்கிறார்கள். அவர்கள் வேலை கொடுத்திருக்கக்கூடியவர்களும் அப்படியே."

முட்டின்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு சிவப்பும் அடுத்த சிவப்பைப் பெற்றுப் போட்டிருக்கிறது. யாராவது ஒருவர் தொடங்கினால்தான் இது மாறும். வெளியே சிலேஷே காத்திருந்தாள். முட்டின்டா முடிவை மாற்றினாள்.

"பச்சையா அக்கா? நெசமாவா?" சிலேஷே அவளைக் கட்டிக்கொண்டாள். கைக்கு வந்திருந்த அரசு வேலையை அன்றே வேண்டாமென்று விட்டாள்.

ஆலை ஓடத் தொடங்கியதும், லுபிண்டா என்ற இளைஞனின் சூரிய ஒளி வண்டித் தொழிலுக்குக் கருவி தானாகவே பச்சை காட்டியது. ஆலைத் தொழிலாளர்கள்தான் அவனுடைய பயணிகள். அவனால் இன்னொருத்திக்கு வழி பிறந்தது. ஊரே முட்டின்டாவைக் கொண்டாடியது. அவளோ அந்த ஆலையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கருவி சொன்னது பொய்க்கவில்லை. சில மழைக்காலங்களுக்குப் பிறகு ஆலை மூடியது. இருந்ததையெல்லாம் இழந்த சிலேஷே அவளைத் தேடி வந்தாள்.

"நீங்க மனசு கஷ்டப்படாதீங்க அக்கா. மெஷினும் ஒரு தடவ தப்பும்ல?"

அந்த ஆறுதலைத்தான் முட்டின்டாவால் தாங்க முடியவில்லை.

"மெஷின் தப்பல. சிவப்புதான் வந்துச்சு. நாந்தான் மாத்துனேன்." ஏன் என்பதையும் சொல்லி முடித்தாள்.

சிலேஷே கத்தவில்லை.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றாள். "தோக்கும், ஆனா மத்தவங்க பொழைப்பாங்கன்னு சொல்லிருந்தா, நாலு பேரா சேந்து தொடங்கியிருப்போம். நஷ்டத்தையும் பங்கு போட்டிருப்போம்."

முட்டின்டாவுக்கு அந்த வழி தோன்றியதே இல்லை. சிவப்பு விழுந்தால் மனிதர்கள் சேர்ந்து நிற்க மாட்டார்கள், எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தவளே அவள்தான்.