வாரேன், மொதலாளி

சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். தவசிமுத்துவுக்கு அது தெரியாததல்ல. ஆனால் நடுக்கூடத்தில் மாலைகளுக்குள் கிடந்த முதலாளியின் கால்களைத் தொட்டதும், தினமும் சொல்லிப் பழகிய எலும்பில்லாத நாக்கு தானாகப் புரண்டுவிட்டது.

“வாரேன், மொதலாளி.”

ஒப்பாரி சட்டென்று நின்றது. வாட்ச்மேன் கருத்தப்பாண்டி அவனை வாசலுக்கு இழுத்து வந்தார்.

“ஏலே, எளவு வீட்ல வாரேன்னா சொல்லுவாக?”

“அவியகிட்ட சொல்லாம எப்படிண்ணே கெளம்ப?”

ராஜபாளையத்தில் அந்த மில் முதலாளிக்குப் பயப்படாதவர் இல்லை. டிரைவர் தவசிமுத்துவுக்கு அது பயம் மட்டுமல்ல, பக்தி. இத்தனை வருடம் கார் ஓட்டியும் அவர் முகத்தை அவன் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதலாளியின் தங்கையை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அவன் வீடும் அந்த வழியில்தான். நிறைமாத மனைவி பரிபூரணம் தனியாக இருந்தாள். ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான்.

ஊரைத் தாண்டியதும் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. அம்பாசிடருக்குள் பஞ்சுத் தூசியும் பெட்ரோலும் கலந்த பழைய வாசனையோடு, வாடிய சம்பங்கியும் ஊதுபத்தியுமாக இன்னொரு வாசனை மெல்ல எழுந்தது. சட்டையில் ஒட்டி வந்திருக்கும் என்று கண்ணாடியை இறக்கினான், காற்று முகத்தில் அடித்தது, வாசனை போகவில்லை. பிறகு பின் சீட்டின் ஸ்பிரிங் முனகியது, கனத்த ஆள் சாய்ந்து உட்காரும்போது முனகுமே, அப்படி.

ஒரு செருமல்.

தெரிந்த செருமல்.

“வாரேன்னு சொன்னியேலே.” மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிற குரல். “நீ எதுக்கு அலையணும்? நானே வந்துட்டேன்.”

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். வெட்கக்கேடு என்னவென்றால், அந்தப் பயத்துக்கு அடியில் நெஞ்சு குளிர்ந்தது. அவிய எனக்காக எழுந்து வந்திருக்காக. முதுகு தானாகக் கூனியது. ஒரு கையால் தோள் துண்டை இறக்கி மடியில் வைத்தான்.

மடவார்வளாகம் வந்தபோது இருட்டிவிட்டது. ரோட்டை ஒட்டிய வீடு. வாசலில் பரிபூரணம், ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு. அவளுக்கு வலி கண்டுவிட்டது. காரைப் பார்த்ததும் மறு கையைத் தூக்கினாள்.

நிறுத்த வேண்டும்.

“மொதலாளி... வீடு...”

அவர் சொல்லாமல் எப்படி நிறுத்துவது? கால் பிரேக்குக்குப் போகவில்லை. போ, போ என்று காலிடம் கெஞ்சினான். அது அவன் கால் இல்லை.

பரிபூரணம் ரோட்டில் இறங்கினாள். நடுவில் வந்து நின்றாள்.

“வண்டிய விடுலே,” என்றார் முதலாளி.

“ஆகட்டும், மொதலாளி.”

ஆக்ஸிலரேட்டர் இறங்கியது. ஹெட்லைட் வெளிச்சத்தில், வயிற்றைப் பிடித்தபடி, அவள் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.