வெளிப்பக்கம் புடைத்த கேட்

புறநகர் ரயில் நிலையத்தின் சுரங்கப்பாதைக்குக் காலையிலேயே வந்து சேர்ந்தான் வெல்டர். பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த பாதை. நிலையத்தைப் புதுப்பிக்கும் புண்ணியத்தில் இப்போதுதான் அதற்கு விமோசனம் கிடைத்திருந்தது. தெருப்பக்க வாயிலில் இருந்த பழைய இரும்பு கேட்டை நிமிர்த்தி, மறுபடி மாட்டித் தர வேண்டும். கூட வந்தவன் தங்கையின் கணவன். பெயின்ட் அடிப்பவன், வாய் ஓயாதவன். நிறைமாத வயிற்றோடு வாசல்வரை வந்து, "அவரைப் பத்திரமாப் பாத்துக்கோ அண்ணா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் தங்கை.

கேட்டின் கம்பிகள் தெருவைப் பார்த்துப் புடைத்திருந்தன.

"லாரி இடிச்சிருக்கும் மச்சான்."

"லாரி இடிச்சா உள்பக்கம்ல வளையும் மாப்ளே? இது உள்ளேருந்து தள்ளினது."

வேலையை மேற்பார்த்த மேஸ்திரிக்குக் காரணம் தெரிந்திருந்தது. முன்பொரு மழைநாளில், ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் முண்டியடித்துக்கொண்டு இந்தப் படிகளில் இறங்கியதாம். கீழே கேட் பூட்டியிருப்பது பின்னால் வந்தவர்களுக்குத் தெரியவில்லை. தள்ளிக்கொண்டே இருந்தார்கள். முன்னால் நின்றவர்கள் கம்பியோடு கம்பியாக நசுங்கிப்போனார்கள்.

"பழைய கதை, விடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கக் கிளம்பினார்.

வெல்டர் கம்பிகளைச் சூடாக்கி, அடித்து நிமிர்த்தினான். உச்சிவெயில் நேரத்தில் கேட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். மாப்பிள்ளை உள்பக்கம் நின்று தாங்கிக்கொண்டான். கீலைப் பற்றவைக்கும்வரை ஆடக் கூடாதென்று, பூட்டுப் பக்கத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பொட்டு வைத்ததுபோலப் பற்றவைத்து, கேட்டைச் சட்டத்தோடு ஒட்டினான் வெல்டர். எப்போதும் செய்வதுதான். கீல் வேலையும் முடிந்தது.

தலைக்கு மேல் ரயில் வந்து நின்றது.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளேயிருந்து ஈரத்துணி வாடை வந்தது.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். படிகளின் மேல்முனையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஆனாலும் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. முதலில் நாலைந்து பேர். பிறகு கூட்டம்.

"மச்சான், யாரோ இடிக்கிறாங்க."

அவனுக்குப் பின்னால் ஒருவருமில்லை.

அடுத்த நொடி அவன் முகம் கம்பியில் அறைந்தது. மூக்கு உடைந்து, ரத்தம் வெல்டரின் மேல் தெறித்தது.

"தொற மச்சான்."

வெளியே நின்ற வெல்டர் இரும்பறுக்கும் கிரைண்டரை எடுத்து மேல் பொட்டை அறுத்தான். கண்ணுக்குத் தெரியாத விரல்கள் கம்பி இடுக்கு வழியாக வந்து அவன் சட்டையைக் கிழித்தன, முடியைக் கொத்தாகப் பிடுங்கின, கன்னத்தைக் கீறின. நிமிர்த்திய கம்பிகள் மெல்லப் புடைத்தன. மாப்பிள்ளையின் விலா எலும்புகள் முறிவது கிரைண்டரின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. கத்துவதற்கு அவனிடம் மூச்சில்லை. வாய் மட்டும் அசைந்தது.

தொற. தொற.

கீழ்ப் பொட்டு அறுந்ததும் கேட் வெடித்துத் திறந்து வெல்டரைத் தூக்கி எறிந்தது. குப்புற விழுந்தவனின் முதுகிலும் கழுத்திலும் கால்கள் ஏறி மிதித்து ஓடின. தலையைத் தூக்கிப் பார்த்தபோது தெருவில் வெயில் மட்டும்தான் இருந்தது. மாப்பிள்ளை வாசலில் கிடந்தான். உயிர் போயிருந்தது.

கேட்டை ஒட்டியது என் கைதான் என்று தங்கையிடம் சொல்லி அழுதான். அதன் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

வேலையை அவனே முடித்துக் கொடுத்தான். இனி எவனாலும் மூட முடியாதபடி, கேட்டைத் திறந்த வாக்கில் சுவரோடு சேர்த்து மேலிருந்து கீழ்வரை பற்றவைத்தான்.

பாதை திறந்து சில மாதங்கள் கழித்து, ஒரு காலையில் தங்கையிடமிருந்து போன் வந்தது. குழந்தைக்கு ஊசி போட ரயிலில் வந்தவள், அந்தப் படிகளில் இறங்கியிருக்கிறாள்.

"அண்ணா, கேட் மூடிக் கிடக்கு."

"அங்க நிக்காத. உடனே மேல ஏறு."

"ஏற முடியல. பின்னால தள்ளுறாங்க."

குழந்தை வீறிட்டது. பிறகு அதற்கும் மூச்சு முட்டியது.

"அண்ணா, அவரும் இருக்காரு. என் காதுல தொற தொறங்கிறாரு."