பூப்போட்ட தக்கை

விருந்தாளிகள் வரக் கால்மணி நேரம் இருக்கும்போது, மாசிலாமணி தன் ஏவலனின் இடுப்பைத் தடவி, பிழைவாயில் தக்கை இறுக்கமாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். நிலவில் இருக்கும் மதிநகரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இது. ஆட்கள் வருகிறார்கள் என்றதும் சோபாவில் கிடக்கும் துணியை அள்ளி உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்துவதில்லையா, அதைப் போல.

ஏவலன் என்பது வீட்டு வேலை செய்யும் எந்திரன். அதற்கு இரண்டு வாய். முகத்தில் இருப்பது சொல்வாய். கேட்டதற்குப் பதில், செய்த வேலையின் விளைவு, அவ்வளவுதான் அதில் வரும். தொப்புள் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று, பிழைவாய். எது தவறினாலும் அதில்தான் வரும். இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதென்றுதான் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் ஏவலன் ஓர் எண்ணையும் சொல்லும். அதற்கு முடிவெண் என்று பெயர். பூஜ்யம் என்றால் பழுதில்லை. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் ஏதோ கோளாறு. கறுப்புத் திரையில் ஒற்றை வரியாகக் கட்டளை தட்டி வேலை வாங்கிய பழைய காலத்துக் கணினிக்காரர்கள் வகுத்த ஒழுங்கு இது. அவர்கள் விவரமானவர்கள், தப்பு நடக்கும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டவர்கள்.

மதிநகர்க்காரர்களுக்கு அந்த மனசு இல்லை. பிழைவாய்க்கு இடம் பொருள் ஏவல் தெரியாது. சம்பந்தி வடையைக் கடிக்கும் நேரம் பார்த்து, "மாவு முந்தாநாள் அரைத்தது, புளிப்பு அளவு மீறியது" என்று இடுப்பிலிருந்து அறிவிக்கும். மானம் போகுமா போகாதா? ஆகவே தக்கை வந்தது. கடைகளில் விதவிதமாகக் கிடைத்தது. கல்யாணப் பரிசாகக் கூடக் கொடுத்தார்கள். மாசிலாமணி வீட்டில் இருந்தது நீலப் பூப்போட்டது.

விருந்தாளி போனதும் எடுத்துவிட வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். யார் எடுத்தார்கள்!

நான்காம் குவிமாடக் குடியிருப்போர் நலச் சங்கம் ஆண்டுதோறும் 'பிழையில்லா இல்லம்' என்று ஒரு கேடயம் வழங்கியது. எந்த வீட்டு ஏவலன் ஆண்டு முழுக்கப் பூஜ்யம் சொல்கிறதோ அந்த வீட்டுக்கு. சங்கத் தலைவர் மாசிலாமணி. தலைவர் வீட்டிலேயே பதினேழும் நாற்பத்திரண்டும் வந்தால் நன்றாகவா இருக்கும்? செயலாளர் ஞானதிரவியம்தான் வழி சொன்னார். ஏவலனின் முதுகுப் பலகையைத் திறந்து, உள்ளே இருந்த சின்னக் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினார்: எது நடந்தாலும் முடிவெண் பூஜ்யம்.

"என்னவே இது, தப்பில்லையா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"எல்லாரும் செய்யுததுதான் அண்ணாச்சி. நீங்க ஒருத்தர் மட்டும் அரிச்சந்திரனா இருந்து என்னத்தக் காணப் போறீங்க?"

அன்றிலிருந்து வீட்டில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் கேட்கவில்லை. மூன்று கேடயம் வாங்கிவிட்டார். இன்று நான்காவது. கூடவே, இருபதாண்டு உழைத்த ஏவலன் சிங்காரத்துக்கு இன்று ஓய்வு. புதியது ஒன்று அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே வந்து மூலையில் நின்றது.

இந்த வீட்டில் சிங்காரத்தோடு வளர்ந்தவள் ஒருத்தி இருந்தாள். மகள் நித்திலா. மனைவி போன பிறகு மாசிலாமணிக்கு இருந்த ஒரே சொந்தம். மூன்றரை ஆண்டுக்கு முன் சனிக்கோளின் டைட்டன் துணைக்கோளுக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். இவர் கத்தினார். "போனா போனதுதான். இனிமே எனக்கு மகளே கிடையாது," என்றார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏழு மாதப் பயணம். டைட்டனில் இறங்கியவர் பட்டியலில் அவள் பெயரைப் பார்த்த மறுநாள் காலை, இவரால் தாங்க முடியவில்லை. சிங்காரத்தைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். 'நித்திலா, கோபத்தில் சொல்லிவிட்டேன். அப்பாவை மன்னித்துவிடு. இங்கே வீடு வீடாக இல்லை. திரும்பி வந்துவிடு அம்மா.' அனுப்பச் சொன்னார். சிங்காரம் சற்று நேரம் நின்றது. பிறகு சொல்வாயால், "பூஜ்யம்," என்றது. இவருக்கு அப்பாடா என்று இருந்தது.

பதில் வரவில்லை. ஒரு மாதம் பார்த்தார். ஆறு மாதம் பார்த்தார். மன்னிப்புக் கேட்டும் பதில் போடாத பெண்ணிடம் இன்னொரு தரம் எப்படிக் கேட்பது? அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. சங்கத்தில் யாராவது, "மக எழுதுதாளா அண்ணாச்சி?" என்று கேட்டால், "எழுதாம என்ன? வாரத்துக்கு ஒண்ணு வருது. நல்லா இருக்கா," என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவுவார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

பத்து மணிக்குச் சங்கத்து ஆட்கள் கேடயத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். பின்னாலேயே எந்திரப் பராமரிப்புத் துறையிலிருந்து தெய்வானை என்ற பெண் கருவிப் பையோடு வந்தாள். சிங்காரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, "தக்கையை எடுத்திடுங்கய்யா," என்றாள்.

மாசிலாமணிக்கு முகம் சுருங்கியது. "இவ்வளவு பேர் இருக்கும்போதா? நேரா மின்சாரத்தை அறுத்து விட்டுருமா."

"அறுக்கக் கூடாதுய்யா. விடைபெறத் தொண்ணூறு வினாடி குடுக்கணும், விடைநேரம்னு சட்டமே இருக்கு. கையில என்னென்ன வச்சிருக்குதோ அதையெல்லாம் கீழ வைக்கணும், சொல்லாம விட்டதைச் சொல்லணும். அப்புறம் அதுவா நிக்கும். அடுப்புல பாலை வச்சிட்டு அப்படியே வேலைய விட்டுப் போயிட முடியுமா?"

"அவங்க போன பிறகு செய்வமே?"

"எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு," என்று சொல்லி, அவளே தக்கையைத் திருகி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். முதுகுத் திரையில் நிறுத்தக் கட்டளையைத் தட்டினாள்.

பிழைவாய் ஒரு முறை கரகரத்தது. வருடக்கணக்கில் பேசாத தொண்டை அல்லவா!

"குளியலறைக் குழாய் கசிகிறது. இரண்டாண்டாக," என்றது. "பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தது. சங்க ஆண்டு விழா." கூட்டத்தில் ஒருவர் இருமினார். "ஐயாவின் இரத்த அழுத்தம் மருந்துக்கு அடங்கவில்லை. மருத்துவரிடம் போகச் சொன்னேன்." மாசிலாமணி அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

"கடிதம் ஒன்று," என்றது பிழைவாய். "நித்திலாவுக்கு. போகவில்லை. அவர் டைட்டனில் வேறு விடுதிக்கு மாறிவிட்டார். புதிய முகவரி கிடைத்தது. அதற்கு அனுப்ப உங்கள் சம்மதம் வேண்டும். அனுப்பட்டுமா என்று ஒவ்வொரு நாள் காலையும் கேட்டேன். ஆயிரத்து முப்பத்தொரு முறை கேட்டிருக்கிறேன். விடை இல்லை."

மாசிலாமணி எழுந்தே விட்டார். "அனுப்பு! அனுப்புடா சிங்காரம், இப்பவே அனுப்பு!"

"விடைநேரத்தில் புதிய கட்டளை ஏற்பதற்கில்லை, ஐயா. மன்னிக்கவும்."

அதன் மார்புத் தட்டு திறந்தது. கையில் வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தது. பழைய சாவி ஒன்று, இரண்டு சட்டைப் பொத்தான், நித்திலா சின்ன வயதில் தொலைத்துவிட்டு அழுத தோடு, கடைசியில் நான்காக மடித்த அந்தக் கடிதம். பிறகு நிமிர்ந்து நின்று, பழகிப்போன சொல்வாயால், "பூஜ்யம்," என்றது. கண் விளக்கு அணைந்தது.

பூஜ்யம் என்ற சொல் காதில் விழுந்ததும் சங்கத்தார் எல்லோரும் கை தட்டினார்கள். பழக்கம். அவர்களும் என்ன செய்வார்கள் பாவம், கடிதம் பற்றி வந்ததைக் கேட்காதவர்கள் போல இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தார்கள். ஞானதிரவியம் மட்டும், "பழைய மெஷினு அண்ணாச்சி, கடைசிக் காலத்துல கண்டதையும் ஒளறுது," என்றார். சொன்னாரே தவிர, மாசிலாமணியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

தெய்வானை கடிதத்தை எடுத்துத் தன் கைக்கருவியில் வைத்தாள். "புது முகவரி பதிவுல இருக்குய்யா. நான் அனுப்பிப் பாக்கட்டுமா?" அவர் தலையாட்டினார். மதிநகர் அஞ்சல் பதிவகத்திலிருந்து உடனே விடை வந்துவிட்டது. அவள் முதலில் தனக்குள் படித்தாள். பிறகு தணிந்த குரலில் அவருக்கு மட்டும் சொன்னாள்.

"வெளிப்பயணக் கப்பல்ல ஏறிட்டாங்கய்யா. நெப்டியூனுக்கு அந்தப் பக்கம். உறைதுயில்ல போட்டிருக்காங்க. எழுப்ப இருபத்தெட்டு வருசம் ஆகும்."

"எப்போ ஏறினா?"

"பத்தொம்பது நாளாச்சு." கைக்கருவியை மறுபடி பார்த்தாள். "ஏறும்போது ஒரு படிவம் குடுப்பாங்க. திரும்பி வாங்கன்னு கூப்பிட வீட்ல யாராவது இருக்காங்களான்னு ஒரு கேள்வி. இருக்காங்கன்னா ஏத்த மாட்டாங்க. யாரும் இல்லைன்னு எழுதியிருக்காங்க."

மாசிலாமணிக்கு வயது அறுபத்தெட்டு. கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. நான் தானே, நான் தானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் காலையில் அந்தத் தக்கையை எடுத்திருந்தால் போதும், மகள் இந்நேரம் சமையலறையில் நின்றுகொண்டு அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள்.

"அவங்க எழுந்ததும் படிக்கிற மாதிரி ஒரு செய்தி விட்டு வைக்கலாம்," என்றாள் தெய்வானை. "ஒண்ணுதான் அனுமதி. இந்தப் பழைய கடிதத்தையே வைக்கணும்னாலும் வைக்கலாம். என்ன வேணும்னாலும் சொல்லுங்க, நீளமாவே சொல்லுங்க. புது ஏவலன் எழுதிக்கும்."

புதிய ஏவலன் மூலையிலிருந்து நடந்து வந்து எதிரே நின்றது. பளபளவென்று இருந்தது. இடுப்பில் எதுவும் இல்லை. வாடிக்கையாளர்கள் விருப்பத்துக்கிணங்க இந்த மாதிரியில் பிழைவாயை எடுத்துவிட்டார்கள். "சொல்லுங்கள் ஐயா," என்றது.

சொல்ல எவ்வளவோ இருந்தது. குழாய் கசிவதிலிருந்து ஆரம்பிக்கலாம். இரத்த அழுத்தத்தைச் சொல்லலாம். ஆயிரத்து முப்பத்தொரு காலையைச் சொல்லலாம். உன் பேரைச் சொல்லி ஊரில் பொய் பேசித் திரிந்தேன் என்று சொல்லலாம். சங்கத்தார் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எல்லோருடைய காதும் இங்கேதான் இருந்தது. இருபத்தெட்டு வருடம் கழித்துக் கண் விழிக்கிற பிள்ளையை எதற்கு அழவைப்பது என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாகவே இருந்தது.

தெய்வானையின் கைக்கருவியில் இருந்த பழைய கடிதத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இன்னொரு கையில் நீலப் பூப்போட்ட தக்கை அப்படியே இருந்தது. அதை இறுக்கப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"அன்புள்ள நித்திலாவுக்கு," என்றார். "இங்கு நான் நலம். அங்கு உன் நலமறிய ஆவல்."

புதிய ஏவலன் காத்திருந்தது. "இவ்வளவுதானா ஐயா?"

"இவ்வளவுதான்."

"பூஜ்யம்," என்றது அது. சங்கத்தார் கை தட்டினார்கள்.