செவப்புப் பூ வந்தா...

ஃபெமினாவுக்கு அவசரமாக ஒரு பிணத்தைப் போட இடம் வேண்டியிருந்தது.

அதுவும் கொடுமணலில்! செத்து இரண்டாயிரம் வருஷமான பிணம். ரோமாபுரியிலிருந்து நீலக்கல் வாங்க வந்த வியாபாரி லூசியஸ், முதுகில் கத்தியோடு எங்கே விழுந்து கிடப்பான்? நொய்யல் கரையிலா, கல் பட்டை தீட்டுகிற பட்டறை வாசலிலா? இது தெரியாமல் அவள் இணையத்தில் எழுதிவந்த 'கொடுமணல் கொலை' தொடர் ஒரு வரிகூட நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு துடியலூரிலிருந்து ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சோளக்காட்டு வரப்பில் கால் வைத்ததுதான் தாமதம், மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையா? ஆளைத் தள்ளிவிடுகிற மழை. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி, கண்ணில் பட்ட மோட்டார் ரூமுக்குள் புகுந்தாள்.

உள்ளே ஏற்கெனவே ஒருத்தன் நின்றிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, சட்டையைப் பிழிந்துகொண்டு...

"ஏனுங்க, கல்லுப் பொறுக்க வந்தீங்களா, இல்ல பொதையலுங்களா?"

மழை மண்ணைக் கழுவினால் கல் மினுங்கும் என்று அடுத்தவர் காட்டுக்குள் நுழைகிறவர்கள் அந்தப் பக்கம் நிறைய. தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டானே! ஃபெமினாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ரெண்டும் இல்லீங்க. ஒருத்தனைக் கொன்னு போட இடம் பாக்க வந்தேன்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தான்.

"ஒத்தையாவா வந்தீங்க?"

சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்... முடியவில்லை. அவனும் சிரித்தான். இமையில் மழைத்துளி தொங்க, கண்ணும் சேர்ந்து சிரித்தது. கண் சிரிக்கிற ஆண்கள் ரொம்பக் குறைவு என்று ஏனோ அந்த நேரத்தில் தோன்றித் தொலைத்தது.

அவன் பெயர் கிருபாசங்கர். அது அவர்கள் தோட்டம். வாரநாளில் கோயமுத்தூர் கணபதியில் பம்புசெட் பட்டறை, வாரக்கடைசியில் இங்கே. கதையை முழுக்கக் கேட்டான்.

"சரிங்க, கொன்னவன் எப்படித் தப்பிக்கறான்?"

"மாசி மாசத்து இருட்டுல, நொய்யல்ல பரிசல் ஏறி."

"மாசியிலயா?" அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாசியில நொய்யல்ல கணுக்காலு நனையாதுங்க. உங்க கொலகாரன் பரிசலத் தலையில கவுத்துக்கிட்டுத்தான் ஓடோணும்!"

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஆத்த நீங்க பாத்தீங்களாக்கும்?"

"நீங்க பாத்தீங்களாங்க?"

மழை விட்டதும் வெடுக்கென்று கிளம்பிவிட்டாள். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் கொலைகாரன் குதிரை ஏறித்தான் தப்பித்தான். அதற்குக் கீழே முதல் ஆளாக அவன் கருத்துப் போட்டிருந்தான்... 'குதிரை நல்லாருக்குதுங்க.'

அப்புறம் என்ன! ஒவ்வோர் அத்தியாயமும் வெளிவரும் முன்பே அவனுக்குப் போனது. கொலையைத் துப்புத் துலக்க வந்த ரோமாபுரிப் படைவீரன் காசியஸுக்கும், கல் தீட்டுகிற நம் ஊர்ப் பெண் நன்னிக்கும் நெருக்கம் கூடக் கூட, பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயுமாக இவர்கள் பேச்சும் நீண்டது. சண்டை போடும்போதுகூட 'ங்க' போடுகிற மனுஷனிடம் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பது? காதல் என்ற சொல்லை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. ஒரு நாள் அவன் கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "ஊட்டுல பேசட்டுங்களா?" என்றான். அவள் தலையாட்டினாள். காது வரைக்கும் சூடு ஏறியது.

அவள் வீட்டில் அப்பா சகாயம் பிடிகொடுக்கவில்லை. "பையன் மொதல்ல ஞானஸ்நானம் வாங்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

"அவரு எப்படி இருக்காரோ அப்படியேதாம்ப்பா எனக்குப் புடிச்சிருக்கு. நிபந்தனை போட்டுக் கட்டறதுக்கு அவரு வாடகை ஊடு இல்ல."

அன்றிலிருந்து அப்பா பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் குழம்புக் கிண்ணத்தைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்கிறார். ஃபெமினா அழுதாள். ஆனால் சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்கவில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் கிருபாசங்கர் பேக்கரியில் முகமெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தான்.

"இத்தன நாளா முடியாதுன்னுட்டிருந்த எங்கப்பா எறங்கி வந்துட்டாருங்க! வெள்ளிக்கெழம குலசாமி கோயில்ல பூ கேக்கறாங்க."

அவளுக்குத் தெரியும். நல்ல காரியம் எதற்கும் அவர்கள் பக்கத்தில் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். அவர்கள் கோயிலில் வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும்.

"நீங்க சரின்னுட்டீங்களா?"

"ஆமாங்க. ஆத்தா கைவிட மாட்டா."

"செவப்பு வந்தா?"

"வராதுங்க..."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

அவன் கிளாஸை மேசையில் இங்கும் அங்கும் நகர்த்தினான். டீ ஆறியது.

"எங்கப்பா போட்ட நிபந்தனைய உங்க காதுலகூடப் போடாம நான் தூக்கி எறிஞ்சேன். நீங்க என்னை ஒரு பொட்டலத்துக்குள்ள வெச்சுக் கட்டிட்டு வந்து நிக்கறீங்க!"

அவனுக்கும் ரோஷம் வந்தது. "உங்க ரோமாபுரிக்காரங்க மட்டும் என்னவாமுங்க? கோழி தீனி தின்னாத்தான் நல்ல சகுனம்னு சண்டைக்கே போவாங்கன்னு நீங்கதான எழுதினீங்க?"

"திங்காத கோழியத் தூக்கிக் கடல்ல வீசினவனும் ரோமாபுரித் தளபதிதான்."

"அவன் தோத்துப்போனான்னும் எழுதினீங்க."

"தோத்தான். அவனாத் தோத்தான். கோழி சொல்லுச்சுன்னு கரையில உக்காரலை."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவன் கூப்பிடுவான் என்று வாசல்வரை காது கொடுத்தாள். கூப்பிடவில்லை, பாவி.

மறுநாள் எழுத உட்கார்ந்தாள். கதையில் காசியஸுக்கும் அதே நெருக்கடி. நன்னியை அழைத்துக்கொண்டு கப்பல் ஏற வேண்டும். தானியத்தைக் கோழி சீண்டவில்லை. கோழியைக் கடலில் வீசினான், நன்னியின் கையைப் பிடித்தான் என்று படபடவென்று அடித்தாள். படித்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் அழித்தாள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஒருத்தனை வீரனாக்குவது எவ்வளவு சுலபம்! கூலி கேட்கமாட்டான், சொன்னபடி கேட்பான். வெள்ளிக்கிழமை வாயை மூடிக்கொண்டு துடியலூரில் உட்கார்ந்திருக்கப்போகிற ஃபெமினா மட்டும் என்ன யோக்கியம்? பூ சொல்லட்டும் என்று அவளும்தானே காத்திருக்கிறாள்!

வெள்ளிக்கிழமை காலையில் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது சொந்தபந்தம் எல்லாம் கோயிலில் கூடியிருந்தது. பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் அப்போதுதான் பொட்டலத்தை எடுத்துக் கிருபாசங்கரின் அப்பா பாலுசாமியிடம் கொடுத்தது. அவர் நூலில் கை வைத்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க!"

எல்லாத் தலையும் திரும்பியது. கிருபாசங்கரின் முகம் வெளுத்துவிட்டது. ஃபெமினா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"அம்மணி, இது எங்க கோயிலு," என்றார் பாலுசாமி. குரலை உயர்த்தவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"தெரியுமுங்க. அதனாலதான் செருப்பக் கழட்டிப்போட்டு வந்து நிக்கறேன். பூ கேக்கறதத் தடுக்க வரலீங்க. நீங்க பிரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிப்போடோணும். வெள்ளை வந்தப்புறம் சொன்னா உத்தரவுக்குத் தலையாட்டற மாதிரி இருக்கும். செவப்பு வந்தப்புறம் சொன்னா ஒப்பாரி மாதிரி இருக்கும். அதனால இப்பவே சொல்றேன்." மூச்சு வாங்கியது. கண்ணை அவனிடமிருந்து எடுக்கவில்லை. "நான் உங்க பையனக் காதலிக்கறேன். அதுக்குள்ள எந்தப் பூ இருந்தாலும்."

பாலுசாமி அவளையே பார்த்தார். பிறகு நூலை இழுத்துப் பொட்டலத்தைப் பிரித்தார்.

செவ்வரளி.

கிருபாசங்கரின் அம்மா மாரியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஃபெமினாவுக்குக் கண் இருட்டியது. அழக்கூடாது... இங்கே அழக்கூடாது.

"ஆத்தா சொல்லிப்போட்டா," என்றார் பாலுசாமி. வெற்றிச் சிரிப்பெல்லாம் இல்லை, களைப்புத்தான் தெரிந்தது. மகன் பக்கம் திரும்பினார். "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

கிருபாசங்கர் அசையவில்லை. அப்பாவின் கையிலிருந்த பூவைப் பதமாக எடுத்தான். அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டான். வெகுநேரம் கும்பிட்டான். என்ன சொன்னானோ, அது அவனுக்கும் ஆத்தாவுக்கும்தான் தெரியும்.

"நீ இப்ப அந்தப் புள்ள பக்கம் நடந்தீன்னா, நம்ம ஊட்டுப் படி ஏற வேண்டாம்," என்றார் பாலுசாமி.

"சரிங்கப்பா. நீங்க எப்பக் கூப்புட்டாலும் ரெண்டு பேருமா வாரோமுங்க."

அத்தனை பேர் நடுவிலும் நடந்து வந்து அவள் எதிரில் நின்றான். கண் நிறைய நீர். இந்தத் தடவை மழை எதுவும் பெய்யவில்லை.

"பயமா இருக்குதுங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ரொம்பங்க," என்றவன், எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினான். "செவப்புத்தானுங்க வந்திருக்குது. நான் உங்களக் காதலிக்கறேனுங்க."