சட்டைப் பையில் ஃபியூஸ்

ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு யாராவது ஊர் சுற்றுவார்களா? பொன்னப்பன் மாமா சுற்றினார்.

தினமும் காலையில் அவர் மாடிப்படிக்குக் கீழே வந்து நிற்பார். சுவரில் இருக்கும் மரப்பலகையிலிருந்து மாடி வீட்டு ஃபியூஸைப் பிடுங்குவார். சின்னதாக, வெள்ளையாக ஒரு பீங்கான் கட்டை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொப்பரை வியாபாரத்துக்குக் கிளம்பிவிடுவார். பொழுது சாய்ந்து திரும்பி வந்துதான் மறுபடி மாட்டுவார். அதுவரை மாடி வீட்டில் ஃபேன் சுற்றாது.

கொல்லயில் என்ற ஊரில் அவருக்குச் சொந்தமான அந்த மாடி வீட்டில்தான் ஜினி வாடகைக்குக் குடியிருந்தாள். ஆறாம் வகுப்பு முடித்து, பெரிய லீவில் இருந்தாள். அப்பா எலியா காலை ரயிலில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் முழுக்க வீட்டில் இருப்பது ஜினியும், அம்மா விமலகுமாரியும், இன்னும் நடக்கத் தெரியாத தம்பி ஜிபினும்தான்.

சித்திரை மாத வெயில். மேலே கான்கிரீட் கூரை. ஜிபினின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து கிடந்தது. அவன் சொறிவான், அழுவான், அழுது களைத்துக் கொஞ்சம் கண்ணை மூடுவான், உடனே விழித்து மறுபடி அழுவான். அம்மா முறத்தால் விசிறினாள். அம்மாவின் கை ஓய்ந்தால் ஜினி தன் பள்ளிக்கூட அட்லஸால் விசிறினாள். உலகப் படத்தையே வைத்து விசிறினாலும் வந்தது வெறும் அனல்தான்.

ஒருநாள் காலையில் ஜினி படிக்கட்டில் வழிமறித்து நின்றாள்.

"மாமா, ஃபியூச எடுக்காதீங்க. பிள்ள உறங்க மாட்டேங்கான்."

"பகல்ல எதுக்கு ஃபேன்?" என்றார் பொன்னப்பன் மாமா. "நானும் மாமியும் கீழதானே இருக்கோம்? நாங்க ஃபேன் போடுகோமா? குளுகுளுன்னு இருக்கு வீடு."

"ஒங்களுக்கு மேல நாங்க இருக்கோம். எங்களுக்கு மேல வெயிலாக்கும் இருக்கு!"

"வாய் கூடிப்போச்சு ஒனக்கு! நாட்டுல கரண்டு இல்லாம சாயங்காலம் அரை மணிக்கூர் பவர்கட்டு போடுகான். நீங்க ராவும் பகலும் ஃபேன சுத்த விட்டா எப்படி? ஃபேன் இல்லாம முடியாதுன்னா வேற வீடு பாக்கட்டு. ஒனக்க அப்பாவுட்ட சொல்லு."

ஃபியூஸ் பைக்குள் போயிற்று. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போயிற்று.

ஜினிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்கு இரண்டு காதும் கொதித்தன. வீட்டுக்குள் போனால் அம்மாவும் அவளைத்தான் திட்டினாள்.

"நீ எதுக்கு அவருகிட்ட மல்லுக்கு நிக்க? வாய அடக்கு மக்கா. வெளிய போகச் சொன்னா இந்தப் பிள்ளையயும் தூக்கிட்டு எங்க போவ?"

"அப்ப இவன் இப்படியே அழட்டுமா?"

அம்மா முறத்தை எடுத்து விசிற ஆரம்பித்தாள். அது ஜினியின் கோபத்தை இன்னும் கூட்டியது.

அன்று நடுமதியம், காய்ந்த துணிகளை எடுக்க ஜினி மொட்டை மாடிக்குப் போனாள்.

அந்த மாடியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். போன மழையில் கூரை ஒழுகியது. பொன்னப்பன் மாமா ஆள் வைத்து மாடி முழுக்கக் கன்னங்கரேலென்று தார் பூசிவிட்டார். ஒழுக்கும் நின்றது, அவருக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது. கறுப்புத் தளத்தில் சாக்கு விரித்துக் கொப்பரையைப் போட்டால் சீக்கிரம் காய்ந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். தின்கிற பொருள் காயும் இடம் என்பதால் அங்கே யாரும் செருப்போடு நடக்கக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். அவர் மட்டும் வெயிலுக்கு முன்னால் வந்து கொப்பரையை விரிப்பார், வெயில் இறங்கிய பிறகு வந்து அள்ளுவார். நடுவில் ஒருநாளும் வந்ததில்லை.

ஜினி செருப்பை வாசலில் விட்டாள். கால் வைத்ததும் அலறினாள். குதித்துக் குதித்துத் துணிக்கொடியை நோக்கி ஓடினாள். ஓடும்போது ஓரிடத்தில் மட்டும் கால் சுடவில்லை.

குனிந்து பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் அங்கே ஒரு வாளிச் சுண்ணாம்பைக் கொட்டியிருந்தார்கள். பாய் அகலத்துக்கு அந்த இடம் வெளுத்துக் கிடந்தது. அவள் ஒரு கையைக் கறுப்பிலும் ஒரு கையைச் சுண்ணாம்பிலும் வைத்தாள். கறுப்பில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டாள். சுண்ணாம்பில் வைத்த கை அங்கேயே இருந்தது.

வெள்ளையில் வெயில் நிற்கவில்லை. கறுப்போ வெயிலைக் குடித்துக் குடித்துக் கீழே இறக்குகிறது. கீழே இருப்பது யார்? ஜிபின்!

ஜினிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். எங்கள் தலைக்கு மேலே அடுப்பை மூட்டி வைத்துவிட்டு, ஃபேன் போட்டதற்கு எங்களையே திட்டுகிறாரே இந்த மனுஷர்!

படிக்கட்டுக்கு அடியில் அரைச் சாக்குச் சுண்ணாம்பு கிடந்தது அவளுக்கு நினைவு வந்தது. நேராகப் பொன்னப்பன் மாமாவின் மனைவி விஜயம்மா மாமியிடம் போனாள்.

"மாமி, படிக்கட்டுக்கு அடியில கெடக்க சுண்ணாம்ப நான் எடுக்கட்டா?"

"எடு மோளே. அது கெட்டியாப் போய்க் கெடக்கு. எதுக்கு?"

"மாடியில எங்க ரூமுக்கு மேல பூச."

மாமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மாமா வழக்கு பேசுவாரு."

"இப்ப மட்டும் கொஞ்சவா செய்யுகாரு?"

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சனியாழ்ச்ச அவரு களியக்காவிளை சந்தைக்குப் போவாரு. சுண்ணாம்புல கஞ்சித்தண்ணி சேத்துக் கலக்கு. அப்பதான் பிடிக்கும். கண்ணுல தெறிக்காம பாத்துக்கோ."

சனிக்கிழமை, மாமா கொப்பரையோடு சந்தைக்குக் கிளம்பித் தலைமறைந்ததும், காலியாகக் கிடந்த மாடியில் ஜினி வேலையைத் தொடங்கினாள். கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டாள். சுண்ணாம்பைக் கரைத்து, மாமி கொடுத்த கஞ்சித்தண்ணியை ஊற்றி, பழைய துடைப்பத்தால் தளத்தில் இழுத்தாள். இழுக்க இழுக்கக் கோபமும் கூடவே வந்தது. "வேற வீடு பாக்கணுமாம்!" ஒரு இழுப்பு. "வாய் கூடிப்போச்சாம்!" இன்னொரு இழுப்பு.

"ஏட்டி ஜினி! என்ன காரியம் செய்யுக நீ?"

படிவாசலில் அம்மா நின்றாள். ஜினி நிமிரவே இல்லை.

"என்னை அடிக்கணும் தல்லணும்னா அப்புறம் தல்லுங்க. வெயில் ஏறுகதுக்குள்ள இத முடிக்கணும்."

அம்மா வெள்ளைத் தளத்தைப் பார்த்தாள். அதற்கு அடியில்தான் தொட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கீழே ஜிபின் சிணுங்குவதும் கேட்டது.  பிறகு சேலையை இடுப்பில் சொருகினாள்.

"துடைப்பத்த இங்க கொண்டா. நீ இழுக்கது கோழி கிண்டுகது மாதிரி இருக்கு. போய் அடுத்த வாளி கலக்கு."

முன்னறைக்கு மேலே பூசி முடிக்கும்போது சுண்ணாம்பு தீர்ந்துபோயிற்று. உள்ளறைக்கு மேலே தார் அப்படியே கறுப்பாகக் கிடந்தது. ஜினி காலி வாளியை ஓங்கி ஓர் உதை விட்டாள். வலித்தது காலுக்குத்தான்.

உச்சி வெயிலில் பொன்னப்பன் மாமா சந்தையிலிருந்து வந்தார். முற்றத்தில் நின்றபோதே, சுவரோரம் வெள்ளை வெள்ளையாக வழிந்திருந்தது அவர் கண்ணில் பட்டது.

"யாருடே எனக்க மாடியில கை வெச்சது?"

படிகளில் தடதடவென்று ஏறினார். கோபத்திலும் பழக்கம் போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தளத்தில் கால் வைத்தார்.

"எலே... ஆ! ஆ! அய்யோ!"

பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு அவர் குதித்த குதி இருக்கிறதே! வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நாலே பாய்ச்சலில் வெள்ளைத் தளத்துக்குப் போய் நின்றார். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கத்தத் தொடங்கினார்.

"யாருட்ட கேட்டுப் பூசினே? எனக்க கொப்பரை இனி எங்க காயும்?"

படிவாசலில் நின்ற ஜினி சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் அவள் இல்லை.

"மாமிட்ட கேட்டுத்தான் பூசினேன். நீங்க ஏன் அங்க போய் நிக்கீங்க? இந்தக் கறுப்புல நின்னு கத்துங்களேன்!"

மாமா கறுப்பைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். அசையவில்லை.

"அங்க காலு சுட்டுதா மாமா?"

மாமா ஒரு காலைத் தூக்கிப் பாதத்தைத் தடவினார்.

"இப்ப நிக்க எடம் சுடுதா?"

மாமா குனிந்து வெள்ளைத் தளத்தைப் பார்த்தார்.

"ஒங்களால நாலு எட்டு வைக்க முடியல. அந்தக் கறுப்புக்கு அடியிலதான் எங்க ஜிபின் பகல் முழுக்கக் கெடந்தான்!"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. மாமா படிவாசலைப் பார்த்தார்.  அவர் திரும்பி வருவதற்கு வழி இல்லை. ஜினிக்கு அவரை அங்கேயே சாயங்காலம் வரை நிறுத்திவைக்கத்தான் ஆசை. ஆனால் அவர் தலையில் துண்டுகூட இல்லை. முணுமுணுத்துக்கொண்டே போய் ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்து வந்து, அவருக்கும் வாசலுக்கும் நடுவில் விரித்தாள்.

சாக்கின் மேல் நடந்து வந்தவர், "ரூமுக்குள்ள அப்படி என்ன சூடு? நானே பாக்கேன்" என்று உறுமிக்கொண்டு மாடி வீட்டுக்குள் நுழைந்தார்.

முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"இதுக்கா இவ்வளவு பெகளமும் சத்தமும்? எங்கடே சூடு? நல்லாத்தானே இருக்கு!"

ஜினியின் காது மறுபடி கொதித்தது. நல்லாத்தானே இருக்காம்! காலையிலிருந்து முதுகு ஒடியப் பூசியது யார்? அவள் உள்ளறைக் கதவைத் திறந்தாள்.

"இங்க வாங்க மாமா. இதுக்கு மேல பூசச் சுண்ணாம்பு பத்தல. இங்க இருங்க."

மாமா வீம்பாகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். முதலில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். பிறகு நெற்றியைத் துடைத்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அடுத்த பொத்தானையும் கழற்றினார். அம்மா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். குடித்த தண்ணீரெல்லாம் உடனே வேர்வையாக வந்தது. கூரையை அண்ணாந்து பார்த்தவர், கடைசியில் சொன்னார்.

"அந்த ஃபேன ஒண்ணு போடு மோளே."

"எப்படிப் போட?" என்றாள் ஜினி. "ஃபியூஸ் ஒங்க பாக்கெட்டுலல்லா கெடக்கு."

மாமாவின் கை சட்டைப் பையைத் தொட்டது. அங்கேயே நின்றது. அடுப்படிப் பக்கம் திரும்பி நின்று அம்மா சிரிப்பை அடக்குவது ஜினிக்குத் தெரிந்தது.

மாமா எழுந்து கீழே போனார். பலகையில் ஃபியூஸ் மாட்டும் சத்தம் கேட்டது. மாடி வீட்டு ஃபேன் ஒரு முறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது.

திங்கட்கிழமை காலையில் மாமா ஒரு சாக்குச் சுண்ணாம்போடு வந்தார். "கொப்பரைக்கு எடம் வேணுமே," என்று தலையைச் சொறிந்தார்.

"அந்த ஓரத்துக்கு அடியில ஆளில்ல, நீங்க கொப்பரை போடுக ரூம்தானே? அது மட்டும் கறுப்பாக் கெடக்கட்டு," என்றாள் ஜினி. "தேங்காய்க்குக் கறுப்பு, மனுஷருக்கு வெள்ளை."

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால், அதுதான் இல்லை. டீக்கடையில் பொன்னப்பன் மாமா எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினார்: "கரண்ட மிச்சம் பிடிக்க நான் ஒரு வித்தை கண்டுபிடிச்சேனாக்கும்!"

ஜினிக்கு அது தெரிந்தபோது காது எப்படிக் கொதித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாடி வீடு கட்டியவர்கள் ஒவ்வொருவராகப் பார்க்க வந்தார்கள். தனுவச்சபுரத்தில் மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் தாணுமாலயனும் ஒருநாள் மதியம் வந்தார். மாமா அவரைச் செருப்பில்லாமல் மாடிக்குக் கூட்டிப்போய்க் குதிக்கவைத்தார். வெள்ளையில் நிற்கவைத்துப் பெருமையாகச் சிரித்தார்.

"சரிதான் பொன்னப்பா. சுண்ணாம்புக்கு எவ்வளவு கஞ்சித்தண்ணி சேக்கணும்?" என்று கேட்டார் தாணுமாலயன்.

மாமா முழித்தார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஜினி மோளே! ஒண்ணு இங்க வா!"

ஜினி தொட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஜினி! நீ கண்டுபிடிச்சதல்லா? நீதான் வந்து சொல்லணும்!"

முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த விஜயம்மா மாமி, "இப்பமாவது உண்ம வாயில வந்துதே!" என்று சத்தமாகச் சொன்னாள்.

ஜினி மெதுவாகத்தான் எழுந்தாள். அவசரப்பட்டால் தொட்டில் ஆடும். ஃபியூஸ் பலகையிலேயே இருந்தும், ஃபேன் சுற்றாமலேயே ஜிபின் அதில் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தான்.